மெயிலில் லிங்க்கை அழுத்தினால் பிரவுசர் திறக்கவில்லை: எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது?

#1 தபால்பெட்டி

விண்டோஸ் 11, வீட்டுக் கம்ப்யூட்டர். பழைய டெஸ்க்டாப் அவுட்லுக். மெயிலில் எந்த லிங்க்கை அழுத்தினாலும், "இந்தக் கணினியில் உள்ள கட்டுப்பாடுகளால் செயல் ரத்து செய்யப்பட்டது, சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரை அணுகவும்" என்கிற பொருளில் ஒரு பெட்டி வருகிறது. இந்தக் கம்ப்யூட்டருக்கு அட்மினிஸ்ட்ரேட்டரே நான்தான்.

லிங்க்கைக் காப்பி செய்து பிரவுசரில் ஒட்டினால் பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது. குரோமை அன்இன்ஸ்டால் செய்த பிறகுதான் இது ஆரம்பம். இப்போது ஃபயர்பாக்ஸ்தான் டீஃபால்ட். ரீஸ்டார்ட், கேஷ் அழிப்பு, ஆஃபீஸ் ரிப்பேர் மூன்றும் ஆயிற்று. அடுத்து என்ன செய்யலாம்?

#2 வேர்ப்பயனர்

கேஷுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரவுசர் திறந்தால்தானே கேஷ் வேலைக்கு வரும்.

மெயில் லிங்க் ஒன்று திறப்பதற்குள் ஐந்து கை மாறுகிறது. மெயில் புரோகிராம் லிங்க்கைப் படித்து ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுக்கிறது. அது தன் பட்டியலைப் பார்த்து, "எச்டிடிபிஎஸ் என்றால் இன்ன பிரவுசர்" என்று எடுத்துக் கொடுக்கிறது. பிரவுசர் முகவரியைப் பிரித்து நெட்வொர்க்கில் கேட்கிறது. இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ் வழி சொல்ல வேண்டும். கடைசியில் எதிர்முனை சர்வர் பக்கத்தைத் தர வேண்டும். எந்தக் கையில் நழுவியது என்று தெரியாமல் மருந்து போட்டால் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்கலாம்.

மூன்று சோதனை போதும்.

முதலாவது: லிங்க்கின் மேல் வலது கிளிக் செய்து முகவரியைக் காப்பி செய்து பிரவுசரில் ஒட்டுங்கள். திறந்தால் பிரவுசர், நெட்வொர்க், சர்வர் மூன்றும் தப்பித்தன. இது உங்களுக்குத் திறக்கிறது.

இரண்டாவது: விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, வரும் சின்னப் பெட்டியில் ஒரு முழு முகவரியை எச்டிடிபிஎஸ் சகிதம் ஒட்டி என்டர் தட்டுங்கள். இங்கே மெயில் புரோகிராமுக்கு வேலையே இல்லை. சிஸ்டம் நேராகப் பிரவுசரைக் கூப்பிடுகிறது.

மூன்றாவது: நோட்பேடில் ஒரு வரி எழுதி, எச்டிஎம்எல் என்ற நீட்டிப்போடு டெஸ்க்டாப்பில் சேமித்து இரட்டை கிளிக் செய்யுங்கள். முகவரிக்கு ஒரு பட்டியல், ஃபைலுக்கு இன்னொரு பட்டியல் என்று விண்டோஸ் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒன்று சரியாக இருந்து மற்றது கெட்டுப்போவது சகஜம்.

இரண்டாவதும் மூன்றாவதும் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

#3 தபால்பெட்டி

இரண்டாவதில் ஃபயர்பாக்ஸ் உடனே திறந்தது. மூன்றாவதில் "இந்த ஃபைலை எதில் திறப்பது?" என்று ஒரு பட்டியல் வந்து நிற்கிறது.

#4 வேர்ப்பயனர்

அப்படியானால் இடம் தெரிந்துவிட்டது. குரோம் போகும்போது தன் பெயர்ப்பலகையைக் கழற்றாமல் போயிருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எச்டிஎம்எல் ஃபைலுக்கு உரியவர் "குரோம்எச்டிஎம்எல்" என்று இன்னும் எழுதியிருக்கும். அந்தப் பெயரில் இப்போது ஆள் இல்லை. லிங்க்கைத் திறக்கும் முன் அவுட்லுக் இந்த வரியையும் பார்க்கிறது. ஆள் கிடைக்காதபோது அது சொல்லும் சால்ஜாப்புதான் அந்த "கட்டுப்பாடுகள்" பெட்டி. அட்மினிஸ்ட்ரேட்டர் யாரும் எதையும் தடுக்கவில்லை.

செய்ய வேண்டியது:

அவுட்லுக்கை மூடுங்கள். விண்டோஸ் கீ, ஆர், "ரெஜ்எடிட்". எச்கீ கரண்ட் யூசர் > சாஃப்ட்வேர் > கிளாசஸ் வரை போங்கள். அங்கே புள்ளியோடு தொடங்கும் ".எச்டிஎம்" , ".எச்டிஎம்எல்" , ".எஸ்எச்டிஎம்எல்" , ".எக்ஸ்எச்டி" , ".எக்ஸ்எச்டிஎம்எல்" ஆகிய ஐந்து கீகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றையும் தொடும் முன் வலது கிளிக் > எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு வலப்பக்கத்தில் "டீஃபால்ட்" என்று இருக்கும் மதிப்பைத் திறந்து, உள்ளே "குரோம்எச்டிஎம்எல்" என்றோ அதற்குப் பின் ஏதோ எழுத்துக்குவியலோ இருந்தால், அதை அழித்து "எச்டிஎம்எல்ஃபைல்" என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக, இடைவெளி இல்லாமல், எல்லாம் சின்ன எழுத்தில்.

அவுட்லுக்கைத் திறந்து பாருங்கள்.

#5 நீலத்திரை

எடுத்த எடுப்பில் ரெஜிஸ்ட்ரிக்குள்ள ஆளை இறக்கி விடுறது எனக்கு ஒப்புதல் இல்ல. கை தவறி பக்கத்து கீயை அழிச்சா யார் பொறுப்பு?

அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. செட்டிங்ஸ் > ஆப்ஸ் > டீஃபால்ட் ஆப்ஸ் போங்க. கீழே ஃபயர்பாக்ஸைத் தேர்ந்தெடுத்தா மேலே "செட் டீஃபால்ட்"னு ஒரு பட்டன் இருக்கும். விண்டோஸ் 11 வந்த புதுசுல, 2021-ல, இந்தப் பட்டன் கிடையாது. ஒவ்வொரு வகையையும் தனித்தனியா மாத்தணும். அடுத்த வருஷம்தான் பட்டன் வந்தது. அதனால பழைய குறிப்புகளைப் பார்த்து எச்டிடிபிஎஸ்ஸை மட்டும் மாத்திட்டு எச்டிஎம்எல்லை விட்டவங்க நிறைய. பட்டனை அழுத்தினதோட விடாம, கீழே உள்ள பட்டியல்ல எச்டிஎம், எச்டிஎம்எல், எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் நாலுக்கும் நேரா ஃபயர்பாக்ஸ்னு வந்திருக்கான்னு கண்ணால பாருங்க.

அதுலயும் சரியாகலைன்னா குரோமைத் திரும்பப் போட்டு, டீஃபால்ட்டா வெச்சு, ஒரு லிங்க்கைத் திறந்து பார்த்துட்டு, ஃபயர்பாக்ஸை டீஃபால்ட்டா மாத்தி, கடைசியா குரோமை எடுங்க. வரிசை முக்கியம். டீஃபால்ட்டா இருக்கிறப்பவே ஒரு பிரவுசரைத் தூக்கினதுதான் வினை.

#6 வேர்ப்பயனர்

நீலத்திரை சொல்லும் வரிசை சரி. முதலில் அதைச் செய்துவிட்டே ரெஜிஸ்ட்ரிக்கு வரலாம். ஆனால் இதே வேலைக்கு இணையத்தில் சுற்றும் வேறொரு குறிப்பை மட்டும் தொடாதீர்கள். "யூசர்சாய்ஸ்" என்ற கீயில் கையால் மாற்றச் சொல்வார்கள். அந்தக் கீயில் பிரவுசர் பெயரோடு, அதைச் சரிபார்க்க ஒரு ஹேஷ் மதிப்பும் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் இப்படித்தான். பெயரை மட்டும் மாற்றினால் ஹேஷ் பொருந்தாது. விண்டோஸ் அதைக் கள்ளக் கையெழுத்தாக எடுத்துக்கொண்டு, "டீஃபால்ட் ஆப் மீட்டமைக்கப்பட்டது" என்று அறிவித்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு எட்ஜை வைத்துவிடும். நான் சொன்னது கிளாசஸ் கீ. அங்கே ஹேஷ் கிடையாது.

#7 தபால்பெட்டி

செட்டிங்ஸில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டும் ஃபயர்பாக்ஸ். எச்டிஎம்எல்லுக்கு நேராக ஒன்றுமே இல்லை, வெறும் கூட்டல் குறி. அதை மாற்றியும் பெட்டி போகவில்லை. பிறகு ரெஜிஸ்ட்ரியில் மூன்று இடங்களில் குரோம் பெயர் இருந்தது, மாற்றினேன். அவுட்லுக்கைத் திறந்ததும் லிங்க் வேலை செய்கிறது. நன்றி.

ஒரு சந்தேகம்: ஐந்தில் எஸ்எச்டிஎம்எல், எக்ஸ்எச்டி இரண்டும் அங்கே இல்லவே இல்லை. உருவாக்க வேண்டுமா?

#8 வேர்ப்பயனர்

வேண்டாம். உங்கள் பயனர் கணக்கின் கீழ் ஒரு கீ இல்லையென்றால் விண்டோஸ் லோக்கல் மெஷின் கீழ் உள்ள பொதுக் கீயைப் பார்த்துக்கொள்ளும். இரண்டிலும் இருந்தால் பயனர் கீழ் உள்ளதே செல்லும். கெட்டுப்போன வரி இல்லாமல் இருப்பதே நல்லது.

#9 மாலைநேரம்

இதே இழையிலேயே கேட்டுடறேன். எனக்கு லிங்க் திறக்குது, ஆனா எட்ஜ்ல. டீஃபால்ட் குரோம். நோட்பேட், பிடிஎஃப்னு மத்த எல்லா இடத்துல இருந்தும் குரோம்தான் வருது.

#10 நீலத்திரை

அவுட்லுக்ல ஃபைல் > ஆப்ஷன்ஸ் > அட்வான்ஸ்டு. கீழே இறங்கினா லிங்க் கையாளுதல்னு ஒரு பகுதி இருக்கும். அவுட்லுக் லிங்க்குகளை எதில் திறக்கன்னு கேட்டு எட்ஜ்னு போட்டிருக்கும். டீஃபால்ட் பிரவுசர்னு மாத்துங்க. 2023-ல மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்த ஏற்பாடு அது. சிஸ்டத்தோட டீஃபால்ட்டை மதிக்காம மெயில் புரோகிராம் தனக்குன்னு ஒரு டீஃபால்ட் வெச்சுக்கிறது. அலுவலகக் கணக்கா இருந்தா இந்த இடம் நிர்வாகக் கொள்கையால பூட்டப்பட்டிருக்கலாம். அப்ப ஐடி ஆட்கள்தான் திறந்து விடணும்.

இன்னொண்ணு, எழுதிக்கிட்டிருக்கிற மெயில்ல லிங்க்கை வெறுமனே கிளிக் பண்ணா திறக்காது. கன்ட்ரோல் கீயோட சேர்த்து அழுத்தணும். அது பழுது இல்ல, கர்சரை அந்த இடத்துல வெச்சு திருத்தறதுக்காக அப்படி வெச்சிருக்காங்க.

#11 மாலைநேரம்

மாத்திட்டேன், குரோம் வந்துடுச்சு. எக்செல் ஷீட்ல இருக்கிற லிங்க் மட்டும் அழுத்தினா நேரா லாகின் பக்கத்துக்குப் போகுது. பிரவுசர்ல நான் ஏற்கெனவே உள்ளே இருக்கேன்.

#12 வேர்ப்பயனர்

அது வேறு கதை. வேர்டு, எக்செல் எல்லாம் லிங்க்கைப் பிரவுசரிடம் கொடுக்கும் முன் தாமே ஒரு முறை அந்த முகவரிக்குப் போய் எட்டிப் பார்க்கின்றன. நீங்கள் லாகின் ஆனதற்கு அடையாளமான உங்கள் பிரவுசரின் குக்கி அவற்றிடம் இல்லை. சர்வர் "யார் நீ?" என்று லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். அந்தத் திருப்பப்பட்ட முகவரியைத்தான் ஆஃபீஸ் பிரவுசரிடம் ஒப்படைக்கிறது. நீங்கள் உள்ளே இருந்தாலும் வாசலுக்கே போவது இதனால்.

நிறுத்த வழி: எச்கீ லோக்கல் மெஷின் > சாஃப்ட்வேர் > மைக்ரோசாஃப்ட் > ஆஃபீஸ் > 9.0 > காமன் > இன்டர்நெட் என்ற இடத்தில் "ஃபோர்ஸ்ஷெல்எக்ஸிக்யூட்" என்று ஒரு டிவேர்டு மதிப்பை உருவாக்கி 1 கொடுக்க வேண்டும். உங்கள் ஆஃபீஸ் எந்தப் பதிப்பானாலும் இந்த இடத்தில் 9.0தான், 16.0 கீழ் போட்டுவிட்டுப் புலம்புபவர்கள் அதிகம். 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஆஃபீஸ் என்றால் சாஃப்ட்வேருக்கு அடுத்து "வாவ்6432நோடு" என்ற படி ஒன்று சேரும். ஆஃபீஸை மூடித் திறங்கள்.

#13 பெங்குவின்வால்

லினக்ஸ்காரர்களுக்கு.

டெர்மினலில் "எக்ஸ்டிஜி-ஓபன்" போட்டு ஒரு முகவரி கொடுங்கள். இது வேர்ப்பயனர் சொன்ன இரண்டாம் சோதனைக்குச் சமம். திறக்கவில்லையா, "எக்ஸ்டிஜி-செட்டிங்ஸ் கெட் டீஃபால்ட்-வெப்-பிரவுசர்" என்று கேளுங்கள். பதிலில் வரும் டெஸ்க்டாப் ஃபைல் உண்மையில் இருக்கிறதா பாருங்கள். உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ் டெப் பேக்கேஜிலிருந்து ஸ்னாப்புக்கு மாறியபோது அந்த ஃபைலின் பெயரும் மாறியது. முன்பு வெறும் "ஃபயர்பாக்ஸ்", இப்போது "ஃபயர்பாக்ஸ்_ஃபயர்பாக்ஸ்". ஹோம் டைரக்டரியில் கான்ஃபிக் உள்ளே மைம்ஆப்ஸ் பட்டியலில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் கிளிக் எங்கும் போய்ச் சேராது. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் மூன்று வரிகளிலும் புதுப் பெயரைப் போடுங்கள்.

எக்ஸ்டிஜி-ஓபன் வேலை செய்கிறது, தண்டர்பேர்டு மெயில் புரோகிராமில் மட்டும் இல்லை என்றால், ஹெல்ப் > டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போய் புரொஃபைல் டைரக்டரியைத் திறந்துகொண்டு, தண்டர்பேர்டை மூடி, "ஹேண்ட்லர்ஸ்" என்ற ஜேசன் ஃபைலுக்கு வேறு பெயர் வையுங்கள். எப்போதோ ஒருமுறை "இதில் திற, எப்போதும் இப்படியே" என்று டிக் செய்த பழைய முடிவு அதில்தான் குடியிருக்கும். திரும்பத் திறக்கும்போது புது ஃபைல் தானே உருவாகும். விண்டோஸ் தண்டர்பேர்டுக்கும் இதே மருந்து.

கிளிக் செய்தால் பிரவுசர் வரவில்லை, ஆனால் பத்து முறை அழுத்திய பிறகு பார்த்தால் பின்னால் பத்து டேப் திறந்திருக்கிறது என்றால் பழுதே இல்லை. ஜன்னல் தானாக முன்னால் பாய டெஸ்க்டாப் அனுமதிக்கவில்லை, அவ்வளவுதான். லினக்ஸ் திரையை நிர்வகிக்கும் வேலாண்டில் இது அடிக்கடி.

#14 எழுத்தெண்ணி

பிரவுசர் திறக்கிறது, ஆனால் "பக்கம் கிடைக்கவில்லை" என்று வருகிறது. இதுவும் "லிங்க் திறக்கவில்லை" என்ற பெயரிலேயே புகாராக வருவதால் ஒரு விளக்கம்.

லிங்க்கின் வாலைப் பாருங்கள். இப்படி ஒரு மெயில் வருகிறது என்று வையுங்கள்:

எச்டிடிபிஎஸ்://உதாரணம்/கணக்கு/மீட்பு?பயனர்=4471&குறி=7ப2க9
ம4ட8ய1ந6

முதல் வரி மட்டும் நீலத்தில் இருக்கும். இரண்டாம் வரி கறுப்பில், அநாதையாக. அழுத்தினால் பாதிக் குறிச்சொல்லோடு சர்வரிடம் போய் நிற்கும். சர்வர் "செல்லாத லிங்க்" என்று விரட்டும். காரணம், மின்னஞ்சல் தரத்தில் ஒரு வரி 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது, 998-ஐத் தாண்டவே கூடாது என்று இருக்கிறது. ஆர்எஃப்சி 5322 என்ற இணையத் தர ஆவணம் அது. வெற்று உரை மெயிலை அனுப்பும் புரோகிராம் நல்ல பிள்ளையாக வரியை மடிக்கிறது. பெறும் புரோகிராமுக்கு அது மடிப்பா, புது வரியா என்று தெரியாது.

சரி செய்ய: இரண்டு துண்டையும் நோட்பேடில் ஒட்டி, நடுவில் உள்ள வரி உடைவை அழித்து, இடைவெளி ஒன்றுமில்லாமல் சேர்த்துப் பிரவுசரில் போடுங்கள். அனுப்புகிறவர் நீங்கள் என்றால், முகவரியை < > என்ற கோணக்குறிகளுக்குள் போடுங்கள். மடிந்தாலும் பல புரோகிராம்கள் குறி முடியும் வரை ஒரே லிங்க்காக எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு நோய், லிங்க்கின் நடுவே சமக்குறிக்குப் பின் "3டி" என்று வருவது. குவோட்டட்-பிரின்டபிள் என்ற குறியேற்றத்தில் சமக்குறியை அப்படியே அனுப்ப முடியாது; "=3டி" என்று எழுதி அனுப்பி, மறுமுனையில் திரும்ப சமக்குறியாக்க வேண்டும். வழியில் யாரோ அந்தத் திருப்பலைச் செய்யாமல் விட்டால் லிங்க் செத்தது. "=3டி" இருக்கும் இடமெல்லாம் வெறும் "=" ஆக்குங்கள்; வரிக் கடைசியில் தனியாக நிற்கும் "=" இருந்தால் அதை எடுத்துவிட்டு அடுத்த வரியை ஒட்டுங்கள்.

வாக்கியத்தின் முடிவில் முகவரி எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் சில புரோகிராம்கள் புள்ளியையும் விழுங்கிவிடும். அடைப்புக்குறிக்கும் இதே கதி. ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தால் லிங்க் முதல் இடைவெளியிலேயே அறுந்துவிடும். இடைவெளி உள்ள இடத்தில் %20 போட வேண்டும். இவ்வளவும் ஒரு புள்ளிக்கும் ஒரு இடைவெளிக்கும்.

#15 வலைக்காவல்

எழுத்தெண்ணி சொன்னதற்கு அடுத்த கண்ணி நெட்வொர்க். இங்கே முதல் சந்தேக நபர் விளம்பரத் தடுப்பான்தான்.

செய்திமடல்களில் இருக்கும் லிங்க் நீங்கள் பார்க்கும் தளத்துக்கு நேராகப் போவதில்லை. முதலில் "கிளிக்" என்றோ "டிராக்" என்றோ தொடங்கும் ஒரு துணை டொமைனுக்குப் போய், யார் அழுத்தினார் என்று பதிவாகி, அங்கிருந்து திருப்பிவிடப்படுகிறது. வீட்டு ரவுட்டரில் பை-ஹோல், அட்கார்டு மாதிரி ஏதாவது ஓடினால் அந்த டொமைன் தடுப்புப் பட்டியலில் இருக்கும். தளம் உயிரோடு இருந்தாலும் போகும் பாலம் இல்லை.

அடையாளம்: தளத்தின் முகவரியை நேரடியாகத் தட்டினால் திறக்கும், மெயில் லிங்க் மட்டும் திறக்காது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் போனால் திறக்கும். கமாண்ட் பிராம்ப்டில் "என்எஸ்லுக்கப்" போட்டு அந்த டொமைனைக் கொடுத்தால் 0.0.0.0 என்று பதில் வரும். பிரவுசர் எக்ஸ்டென்ஷன் தடுத்திருந்தால் குரோம் "பிளாக்டு பை கிளையன்ட்" என்ற பிழையைக் காட்டும். அப்போது ரவுட்டரை விட்டுவிட்டு எக்ஸ்டென்ஷனைப் பாருங்கள். பட்டியல் முழுவதையும் அணைக்க வேண்டாம், அந்த ஒரு டொமைனை மட்டும் அனுமதியுங்கள்.

அனுமதித்த பிறகும் "சான்றிதழ் பெயர் பொருந்தவில்லை" என்று நின்றால் பழுது உங்களிடம் இல்லை. அனுப்பிய நிறுவனம் தன் துணை டொமைனை மெயில் அனுப்பும் சேவை ஒன்றின் பக்கம் திருப்பிவிட்டு, அந்தப் பெயருக்கு சான்றிதழ் வாங்க மறந்திருக்கிறது. லிங்க்கில் வெறும் எச்டிடிபி என்று இருந்தாலும், முதன்மைத் தளம் தன் துணை டொமைன்களையும் சேர்த்து எச்எஸ்டிஎஸ் (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வர வேண்டும் என்ற கட்டளை) அறிவித்திருந்தால் பிரவுசர் அதை வலுக்கட்டாயமாக எச்டிடிபிஎஸ் ஆக்கிவிடும். "பரவாயில்லை, தொடர்" என்ற பட்டனும் அங்கே கிடைக்காது. அவர்கள்தான் சரிசெய்ய வேண்டும். நீங்கள் தளத்துக்குப் போய் வேண்டியதைத் தேடிக்கொள்ளலாம்.

எல்லாத் தளமும் சான்றிதழ்ப் பிழை காட்டினால் மட்டும் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும்.

#16 தபால்பெட்டி

பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் மட்டும் "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று சொல்கிறது, அலுவலக மெயிலில். முதல் முறை அழுத்தும்போதே அப்படித்தான். இதுவும் வரி மடிப்பா?

#17 வலைக்காவல்

இல்லை. உங்களுக்கு முன்னால் வேறு யாரோ அழுத்திவிட்டார்கள். அந்த யாரோ ஒரு இயந்திரம்.

அலுவலக மெயில் சர்வர்கள் உள்ளே வரும் லிங்க்குகளைத் தாமே திறந்து, ஆபத்தான பக்கமா என்று பார்க்கும். ஒரே முறை செல்லும் லிங்க் என்றால் அந்தப் பார்வையிலேயே அதன் ஆயுள் முடிந்துவிடும். அசல் தவறு லிங்க்கைச் செய்தவர்களுடையது: பக்கத்தைத் திறப்பது மட்டும் எதையும் மாற்றக் கூடாது என்பது எச்டிடிபியின் அடிப்படை. திறந்த பிறகு "உறுதி செய்" என்று ஒரு பட்டன் வைத்து, அதை அழுத்தினால்தான் குறிச்சொல் செலவாக வேண்டும். இந்தத் தொல்லையால்தான் செய்திமடலிலிருந்து ஒரே கிளிக்கில் விலகும் முறைக்கு 2017-ல் ஆர்எஃப்சி 8058 என்று தனித் தரமே வந்தது. ஸ்கேனர் திறந்து பார்த்ததற்கெல்லாம் ஆட்கள் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டுக் கொண்டிருந்தார்கள். அதில் விலகல் பக்கத்தைக் கேட்கும் கெட் கோரிக்கையால் நடக்காது, தகவலை அனுப்பும் போஸ்ட்டால்தான் நடக்கும்.

உங்கள் கையில் இருப்பது: அந்தக் கணக்குக்கு லிங்க்குக்குப் பதில் ஆறு இலக்க எண் அனுப்பும் வசதி இருந்தால் அதைக் கேளுங்கள். இல்லையென்றால் ஐடி பிரிவிடம் சொல்லி அந்த அனுப்புநரின் டொமைனை ஸ்கேனில் விலக்கச் சொல்லுங்கள். புது லிங்க் கேட்டுக் கேட்டு வாங்குவதில் பயனில்லை, அதையும் இயந்திரம் முதலில் தின்னும். பல தளங்களில் புது லிங்க் கேட்டதும் பழையது செல்லாததாகிவிடும், அதனால் வந்ததில் கடைசியானதையே அழுத்துங்கள்.

#18 எழுத்தெண்ணி

அதே அலுவலக மெயிலில் லிங்க்கின் உருவமே மாறியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். "சேஃப்லிங்க்ஸ்" என்ற சொல் வரும் ஒரு முழ நீள முகவரி. அசல் முகவரி உள்ளேயே, "யூஆர்எல்=" என்பதற்குப் பிறகு இருக்கும்: %3ஏ என்றால் முக்காற்புள்ளி, %2எஃப் என்றால் சாய்கோடு. புரூஃப்பாயின்ட் என்ற மெயில் பாதுகாப்புச் சேவையின் இரண்டாம் வகையில் சதவீதக் குறிக்குப் பதில் சிறு கோடு, சாய்கோட்டுக்குப் பதில் அடிக்கோடு. லிங்க் எங்கே போகிறது என்று பார்க்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். அசலைப் பிரித்தெடுத்து ஸ்கேனைத் தாண்டிப் போவது பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது மாதிரி.

#19 புதுவரவு

ஸ்பேம் ஃபோல்டரில் இருக்கும் மெயிலில் எந்த லிங்க்கும் அழுத்த வரவில்லை. இன்பாக்ஸுக்கு நகர்த்தினால் வேலை செய்கிறது. அதுதானே எளிய வழி?

#20 நீலத்திரை

வழி எளிசுதான், பள்ளமும் பக்கத்துலதான். அவுட்லுக் ஜங்க் ஃபோல்டர்ல லிங்க்கை வேணும்னேதான் செத்துப்போக வெச்சிருக்கு. நகர்த்தறதுக்கு முன்னாடி அனுப்புநர் முகவரியை முழுசா பாருங்க, பேரை மட்டும் பார்க்காதீங்க. நகர்த்தின பிறகும் லிங்க் மேல மவுஸை வெச்சு கீழே வர்ற முகவரியைப் படிங்க. எச்டிடிபிஎஸ்:// தாண்டி வர்ற முதல் சாய்கோட்டுக்கு முன்னாடி, கடைசியா வர்ற ரெண்டு மூணு துண்டுதான் உண்மையான ஊர்ப்பேரு. அதுக்கு முன்னாடி எந்த வங்கி பேரை வேணாலும் ஒட்டலாம். "எக்ஸ்என்" எழுத்துக்குப் பின்னாடி ரெண்டு சிறு கோடுனு ஆரம்பிச்சா ஆங்கிலம் அல்லாத எழுத்து உள்ளே இருக்கு. தமிழ் டொமைனும் அப்படித்தான் தெரியும், அதுல தப்பில்ல. ஆங்கிலப் பேரு மாதிரி தெரியுற லிங்க்ல அது வந்தாதான் உஷாராகணும்.

#21 கைபேசிக்காரி

போன்ல பார்க்கிறவங்களுக்கும் யாராவது சொல்லணும்ல.

ஆண்ட்ராய்டு: செட்டிங்ஸ் > ஆப்ஸ் > டீஃபால்ட் ஆப்ஸ் > பிரவுசர். இங்க ஏதாவது ஒண்ணு தேர்வாகி இருக்கணும். ஜிமெயில் ஆப்ல லிங்க் ஜிமெயிலுக்குள்ளேயே ஒரு பக்கமா திறக்குதுன்னா, ஜிமெயில் செட்டிங்ஸ் > ஜெனரல்ல "வெப் லிங்க்குகளை ஜிமெயிலில் திற"ங்கிறதுல டிக்கை எடுங்க. அப்புறம் டீஃபால்ட் பிரவுசர் தனியா வரும். லாகின் ஆகியிருந்தும் திரும்பத் திரும்ப லாகின் கேட்கிற தொல்லை இதுலயே பாதி போயிடும்.

ஒரு கடையோட லிங்க் அவங்க ஆப்ல திறக்கணும், பிரவுசர்ல திறக்குதுன்னா, அந்த ஆப்போட தகவல் பக்கத்துல "ஓபன் பை டீஃபால்ட்"குள்ள போய் முகவரியைச் சேருங்க. ஆண்ட்ராய்டு 12-க்கு முன்னாடி "எதுல திறக்க?"னு கேட்கும். 12-ல இருந்து, ஆப்பும் தளமும் ஒண்ணை ஒண்ணு உறுதிப்படுத்தலைன்னா கேட்காமலே பிரவுசருக்குப் போயிடும்.

லிங்க்கைத் தொட்டதும் மெயில் ஆப்பே மூடிக்குதுன்னா பிளே ஸ்டோர்ல, ஆப்புக்குள்ள வெப் பக்கம் காட்டுற "ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ"வையும் குரோமையும் அப்டேட் பண்ணுங்க. 2021 மார்ச்ல ஒரு கெட்ட வெப்வியூ அப்டேட்டால ஜிமெயில் உட்பட ஏகப்பட்ட ஆப் திறந்த வேகத்துல மூடிச்சு. புது அப்டேட் வந்துதான் அடங்குச்சு.

ஐபோன்: ஐஓஎஸ் 14-ல இருந்துதான், அதாவது 2020-ல இருந்து, சஃபாரியைத் தவிர வேற பிரவுசரை டீஃபால்ட்டா வைக்க முடியுது. டீஃபால்ட்டா வெச்சதை டெலீட் பண்ணா சஃபாரிக்கே திரும்பிடும். சஃபாரி ஐகானே காணோம்னா ஸ்கிரீன் டைம்ல அனுமதிக்கப்பட்ட ஆப்ஸ் பட்டியலைப் பாருங்க, யாரோ அணைச்சு வெச்சிருப்பாங்க. ஜிமெயில் ஆப்ல தனியா "டீஃபால்ட் ஆப்ஸ்"னு ஒரு செட்டிங் இருக்கு. போன்ல ஒண்ணு, ஆப்ல ஒண்ணுன்னு ரெண்டும் முரண்டு பிடிச்சா ஆப்தான் ஜெயிக்கும்.

#22 பெங்குவின்வால்

மேக் பற்றி ஒரு வரி. வென்சுராவிலிருந்து டீஃபால்ட் பிரவுசர், சிஸ்டம் செட்டிங்ஸில் டெஸ்க்டாப் & டாக் கீழ் இருக்கிறது. பிரவுசரை டிஎம்ஜி வட்டிலிருந்து ஒருமுறை நேராக ஓட்டியிருந்தால் சிஸ்டம் அந்தப் பிரதியையே நினைவில் வைத்திருக்கும். வட்டை வெளியேற்றி, அப்ளிகேஷன்ஸில் ஒரே பிரதியை மட்டும் விட்டு, அதைத் திறந்து மறுபடி டீஃபால்ட் ஆக்குங்கள்.

#23 மாலைநேரம்

ஃபயர்பாக்ஸ் வெச்சிருக்கிற இன்னொரு மெஷின்ல, லிங்க்கை அழுத்தினா "ஃபயர்பாக்ஸ் ஏற்கெனவே ஓடுகிறது, ஆனால் பதில் தரவில்லை"னு வருது. திரையில ஃபயர்பாக்ஸே இல்ல.

#24 நீலத்திரை

திரையில இல்ல, மெமரியில இருக்கு. ஜன்னல் மூடியும் புராசஸ் சாகல. புரொஃபைலைப் பூட்டி வெச்சிருக்கு. டாஸ்க் மேனேஜர்ல டீடெய்ல்ஸ் போய் ஃபயர்பாக்ஸ்னு இருக்கிற எல்லாத்தையும் முடிங்க. அதுக்கப்புறமும் வந்தா புரொஃபைல் ஃபோல்டர்ல "பேரன்ட்"னு பேரும் "லாக்"னு நீட்டிப்பும் உள்ள ஃபைலை அழிங்க. அதை மட்டும், பக்கத்துல இருக்கிறதுல பாஸ்வேர்டு எல்லாம் இருக்கு.

#25 தபால்பெட்டி

அலுவலக லிங்க் விஷயம்: ஐடி பிரிவு அந்த டொமைனை விலக்கியதும் முதல் அழுத்தலிலேயே திறந்தது. வீட்டு மெஷினில் எக்ஸ்போர்ட் செய்த மூன்று ரெஜிஸ்ட்ரி பிரதிகள் டெஸ்க்டாப்பில் இருக்கின்றன. அழித்துவிடலாமா?

#26 வேர்ப்பயனர்

இரண்டு வாரம் போகட்டும். அதுவரை அவற்றை இரட்டை கிளிக் மட்டும் செய்துவிடாதீர்கள். பழைய குரோம் வரி அப்படியே திரும்பி வந்துவிடும்.